நிலக்கரியா, எரிவாயுவா? கசிவைச் சேர்த்துக் கணக்கிட்டால்

மின்நிலையத்தின் புகைபோக்கியோடு கணக்கை நிறுத்திக்கொண்டால் எரிவாயுவுக்கே வெற்றி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி கக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைத்தான் அது விடுகிறது. சாம்பல் கிடையாது, கந்தகப் புகையும் மிகக் குறைவு. அனல்மின் நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களின் நுரையீரலுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

சிக்கல் புகைபோக்கிக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். கிணறு, குழாய், வால்வு, கம்ப்ரசர் என வரும் வழியெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக, எரியாமலேயே காற்றில் கலக்கிறது. சுமார் 12 ஆண்டுகளே நிலைத்தாலும், வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் பொல்லாதது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைப்படி, ஒரு கிலோ புதைபடிவ மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் (அதாவது நூறாண்டில் மொத்தமாகப் பிடித்துவைக்கும் வெப்பத்தை வைத்து) 29.8 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 20 ஆண்டுக் கணக்கில் 82.5 கிலோ.

நீங்களே போட்டுப் பாருங்கள். 100 கிலோ மீத்தேன் எரிந்தால் 275 கிலோ கரியமில வாயு. அதற்கு வெறும் 3.3 கிலோ கசிந்தாலே, 20 ஆண்டுக் கணக்கில் இன்னொரு 272 கிலோ சேர்ந்துவிடும். நிலக்கரியில் பாதி என்ற பெருமை அங்கேயே போயிற்று. 100 ஆண்டுக் கணக்கிலோ, அதே நிலைக்கு வர 9 கிலோவுக்கு மேல் கசிய வேண்டும். எரிவாயுவை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்தக் காலக்கணக்குதான். வெப்பம் இப்போதே ஏறிக்கொண்டிருக்கையில், 20 ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நிலக்கரிச் சுரங்கங்களும் மீத்தேனை விடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சேர்த்தால், நிலக்கரிக்குச் சமமாகிவிடாமல் எரிவாயு தாங்கக்கூடிய கசிவின் வரம்பு சற்று உயரும்.

சரி, உண்மையில் எவ்வளவு கசிகிறது? அமெரிக்காவில் உற்பத்தியாகும் எரிவாயுவில் 2.3 சதவீதம் என்றது 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு. அரசின் சுற்றுச்சூழல் முகமை சொன்னதைவிட அது சுமார் 60 சதவீதம் அதிகம். அதே நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், பெர்மியன் எண்ணெய், எரிவாயு வயல்களில் விமானத்தில் பறந்து அளந்தபோதோ 9 சதவீதத்தைத் தாண்டியது. எரிபொருள் ஒன்றே, எந்த வயலிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகிறது.

மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்து, திரவமாக்கிக் கப்பலேற்றும் எரிவாயுவான எல்என்ஜிக்குக் கூடுதல் சுமை உண்டு. குளிர்விக்கவே கணிசமான வாயு செலவாகிறது.

கசிவை அளந்து அடைத்த வயலிலிருந்து வாயு கிடைத்து, இருக்கிற எரிவாயு நிலையத்தை ஓட்டி நிலக்கரி உலை ஒன்றை இன்றே நிறுத்த முடியுமானால், தயங்காமல் செய்யலாம். முப்பது, நாற்பது ஆண்டு ஓடப்போகும் புதிய நிலையத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே எரிவாயு போட்டியிட வேண்டியது நிலக்கரியோடு அல்ல, கசிய எதுவுமில்லாத காற்றாலையோடும் சூரிய மின்தகட்டோடும்.