ஜீசாப்: டைம்லைனுக்காகவே எடுக்கலாம்

பட்டன் மேல் மவுஸ் போனால் நிறம் மாறுவது, மெனு மெதுவாகத் திறப்பது, இதற்கெல்லாம் பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ் போதும். எந்த லைப்ரரியும் வேண்டாம். ஆனால் தலைப்பு வந்து முடிவதற்குள் படம் நகர ஆரம்பிக்கணும், படம் பாதி தூரம் வந்ததும் பட்டன் தெரியணும் என்று அசைவுகளைக் கோக்கிற வேலை வந்துவிட்டால், சிஎஸ்எஸ்ஸில் டிலே கணக்குப் போட்டே நொந்துபோவோம், அதுவும் நடுவில் ஒன்றின் நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டால் பின்னால் இருக்கிற அத்தனை டிலேயையும் திரும்ப எழுதணும். அந்த மாதிரி வேலைக்கு என் தேர்வு ஜீசாப் (GSAP) என்கிற ஜாவாஸ்கிரிப்ட் அனிமேஷன் லைப்ரரிதான், முக்கியமாக அதன் டைம்லைனுக்காக.

டைம்லைனில் ஒரு அசைவு முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். முந்தையது முடிய 0.3 நொடி இருக்கும்போதே தொடங்கணுமா, "-=0.3" என்று ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். முதல் அசைவை ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி ஆக்கினால் மற்றதெல்லாம் தானே தள்ளிப்போகும். மொத்தத்தையும் நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், வேகத்தைக் குறைத்து எந்த இடத்தில் இடிக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம். ஃபிளாஷ் காலத்தில் அதன் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்காக ஜாக் டாயில் எழுத ஆரம்பித்த சரக்கு இது, அந்த அனுபவம் இதில் நன்றாகவே தெரிகிறது. ஒரு விஷயம், டுடோரியலில் ட்வீன்மேக்ஸ், ட்வீன்லைட் என்று பழைய பெயர்கள் வந்தால் அது 2019இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு முந்தைய பாடம், தாண்டிப் போய்விடுங்கள்.

அடுத்து ஸ்க்ரோல்ட்ரிகர், பக்கத்தை ஸ்க்ரோல் செய்வதற்கேற்ப அசைவை ஓட்டும் ஜீசாப் பிளகின். மார்க்கர்ஸை ஆன் செய்தால் அனிமேஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பக்கத்திலேயே பச்சையும் சிவப்புமாகக் கோடு காட்டும், இது இல்லாமல் ஸ்க்ரோல் அனிமேஷன் செய்வது இருட்டில் ஊசி தேடுவதுதான். அசைவை ஸ்க்ரோலோடு கட்டிப்போடும் ஸ்க்ரப்புக்கு 1 கொடுத்தால் விரல் நின்ற பிறகு ஒரு நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக வந்து சேரும், பார்க்கவே அழகு. குறை என்றால், தாமதமாக லோட் ஆகிற படங்களுக்கு அகலமும் உயரமும் குறிப்பிடாமல் விட்டால் கணக்கு மொத்தமும் தவறிவிடும், படம் வந்த பிறகு ஸ்க்ரோல்ட்ரிகருக்கு ரிஃப்ரெஷ் கொடுக்கணும்.

ரியாக்ட் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் வேலை செய்பவர்கள் அதற்கென ஜீசாப் தரும் யூஸ்ஜீசாப் ஹூக்கைத்தான் பயன்படுத்தணும். தொடக்க மதிப்பை மட்டும் நாம் சொல்கிற ஃப்ரம் அனிமேஷன் அந்த நேரத்தில் இருக்கிற மதிப்பையே முடிவு என்று எடுத்துக்கொள்ளும், பிழை கண்டுபிடிக்க ரியாக்ட் வைத்திருக்கும் ஸ்ட்ரிக்ட் மோடில் எஃபெக்ட் (அனிமேஷனைத் தொடங்கும் கோட்) இரண்டு தடவை ஓடும்போது பழசைச் சுத்தம் செய்யாவிட்டால் பாதி மங்கலிலேயே எழுத்து நின்றுவிடும். அந்தச் சுத்தம் செய்கிற வேலையை ஹூக்கே பார்த்துக்கொள்கிறது.

தமிழ்த் தளம் செய்பவர்களுக்கு வாக்கியத்தைத் துண்டுகளாகப் பிரித்து அசைக்க உதவும் ஜீசாப் பிளகினான ஸ்ப்ளிட்டெக்ஸ்ட் பற்றி ஒன்று சொல்லணும். எழுத்தெழுத்தாகப் பிரித்தால் க்ஷ, ஸ்ரீ இரண்டும் உடைந்துபோகும், ஒட்டி நிற்க வேண்டியது தனித்தனியாகப் பறந்து வரும். சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ பிரியுங்கள், தமிழுக்கு அதுதான் அழகும்கூட. அதிலுள்ள ஆட்டோஸ்ப்ளிட்டையும் போட்டுவிடுங்கள், தமிழ் ஃபான்ட் தாமதமாக வந்து வரி மாறினாலும் அதுவே திரும்பப் பிரித்துக்கொள்ளும்.

அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் செட் செய்திருப்பவர்களை மறக்க வேண்டாம். ஜீசாப்பிலேயே அந்த மாதிரி செட்டிங்கைக் கண்டுகொள்ளும் மேட்ச்மீடியா இருக்கிறது, அவர்களுக்கு நகர்வு இல்லாமல் வெறுமனே தோன்றும்படி சில வரிகளில் செய்துவிடலாம். எல்லா அனிமேஷனுக்கும் இதைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து, தலைசுற்றல் வருகிறவர்களுக்கு நம் அழகெல்லாம் அவஸ்தை.

அப்புறம் காசு. முன்பு ஸ்ப்ளிட்டெக்ஸ்ட், ஒரு வடிவத்தை இன்னொன்றாக உருமாற்றும் மார்ஃப்எஸ்விஜி எல்லாம் கட்டண உறுப்பினர்களுக்குத்தான். கோட் எழுதாமல் தளம் கட்டும் கருவி தருகிற வெப்ஃப்ளோ 2024இல் ஜீசாப்பின் நிறுவனமான கிரீன்சாக்கை வாங்கியது, 2025 ஏப்ரலில் இருந்து எல்லாமே இலவசம், வணிக வேலைக்கும் சேர்த்து. ஆனால் இது எதற்கும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம் இல்லை. கோட் எழுதாமல் அனிமேஷன் செய்ய உதவும், வெப்ஃப்ளோவோடு போட்டி போடுகிற மாதிரியான கருவிக்குள் இதை வைக்க உரிமம் இடம் தராது. அப்படி ஏதாவது கட்டுகிறவர்கள் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் இன்னொரு அனிமேஷன் லைப்ரரியான அனிமே ஜேஎஸ் பக்கம் போகலாம்.