பீங்கான் பொம்மைக்கு வயது சொல்கிறேன் என்று வருபவரிடம் கவனம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒருவர் வீடு வீடாக வந்து, பழைய சாமான்களுக்கு வயது சொல்லி சர்டிபிகேட் தருகிறார். பெயர் போட விரும்பவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பீங்கான் பொம்மை இருந்தால், அவர் கையில் கொடுப்பதற்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஆச்சியின் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தவள்தான் எங்கள் ‘துரைசாணி’. ஒன்றரை அடி உயரம். படுக்கவைத்தால் கண் மூடுவாள். நவராத்திரிக்கு நவராத்திரி, செட்டியார் பொம்மைக்கும் அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்கும் நடுவில் உட்காருவாள். அப்புறம் ஆச்சியின் நூல்சேலையில் சுற்றிப் பரணுக்குப் போய்விடுவாள். வயது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குத்தான் வந்தது.

வந்தவர் தலைமுடியைத் தூக்கிப் பிடரியைப் பார்த்தார். ஜெர்மனி என்ற சொல், 390 என்ற எண், ஏ, எம் என்ற எழுத்துகள், அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன எண். “பாத்தியளாக்கா, மூணுங்கது மாடலு, தொண்ணூறுங்கது வருசம். 1890ல செஞ்சது. லட்சத்துக்குப் போகும்” என்றார். சர்டிபிகேட்டுக்கு 2,500 ரூபாய். சுத்தம் பண்ணி ஒரு வாரத்தில் தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு போனார். நானும் கொடுத்தேன், என்னைச் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தவளைப் பார்த்து அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் பளிச்சென்று இருந்தது. பீங்கானுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, அதன் வண்ணமும் சுட்டு ஏற்றியது. ஆனால் தலை மட்டும்தான் பீங்கான். உடம்பு மரத்தூளையும் பசையையும் குழைத்து அச்சில் செய்தது, அதைக் கம்போசிஷன் என்பார்கள். அதை இந்த ஆள் சோப்புத் தண்ணீரில் முக்கியிருக்கிறார். விரல்கள் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, இடது கை மணிக்கட்டில் வண்ணம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. பழைய வெள்ளைப் பருத்திச் சட்டையைக் காணோம், அதில் ஆச்சி கையால் தைத்த கொக்கி இருந்தது. அதற்குப் பதிலாக ரோஸ் நிற சாட்டின் கவுன், முதுகில் இழுத்தால் ‘சர்ர்’ என்கிற வெல்க்ரோ. 1890ஆம் வருடத்து பொம்மைக்கு வெல்க்ரோ! “பழைய துணி இத்துப் போச்சுக்கா, தூரப் போட்டாச்சு” என்றார். பொம்மையின் வயதைச் சொல்வதில் உடுப்பின் தையலும் துணியும் பாதி சாட்சி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வயதும் தப்பு. ஏ, எம் என்பது ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் இருந்த ஆர்மண்ட் மார்சேய் கம்பெனி. 390 வருடமல்ல, அச்சு எண். நடுவில் இருக்கும் சின்ன எண் தலையின் அளவு. அமெரிக்காவில் 1890இல் வந்த மெக்கின்லி இறக்குமதி வரிச் சட்டத்துக்குப் பிறகுதான், 1891 முதல், ஏற்றுமதிச் சாமானில் நாட்டின் பெயரைப் பொறிப்பது பரவலானது. 390 அச்சு அதற்கும் பிந்தியது. ஏறக்குறைய 1900இல் தொடங்கிப் பல வருடங்கள் வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் தலைகளில் அதிகம் கிடைப்பதே இதுதான், ஆகவே லட்சமெல்லாம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள 2,500 ரூபாய் வேண்டாம். முடியை மெல்லத் தூக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, முத்திரையை போட்டோ எடுத்தால் போதும். பொம்மையை வீட்டை விட்டு அனுப்பவே தேவையில்லை. முடி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். உடம்பில் ஈரத்துணிகூட வேண்டாம், காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சர்டிபிகேட்டு கொடுத்தாச்சுல்லா” என்று போனை வைத்தவர், இப்போது எடுப்பதே இல்லை. அந்தத் தாளில் 1890 என்று சிவப்பு மையில் போட்டு, கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறது. சாட்டின் கவுனைக் கழற்றிவிட்டு, ஆச்சியின் சேலையிலேயே ஒரு துண்டு வெட்டிச் சட்டை தைத்திருக்கிறாள் அம்மா. இடது கை தெரியாதபடி கொஞ்சம் நீளமாக.