தட்டச்சுப் பொறியிலிருந்து மடிக்கணினிக்கு: என் பெற்றோரின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தட்டச்சு தெரிந்த முதியவருக்கு மடிக்கணினி எளிதில் பழகிவிடும் என்றும், தெரியாதவருக்கு நாளாகும் என்றும் பலரும் எண்ணுவார்கள். அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்ற என் அப்பா, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சின் உயர்நிலைத் தேர்வான ஹையர் தேறியவர்; அம்மா மடிக்கணினிக்கு முன் எந்த விசைப்பலகையையும் தொட்டதில்லை. ஒரே மடிக்கணினியை இருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறார்கள். முதலில் கைவந்தது அம்மாவுக்குத்தான். அப்பாவுக்குத் தாமதமானதற்கு வயதோ மறதியோ காரணமல்ல. வேறோர் இயந்திரத்தில் முப்பது ஆண்டுகள் ஊறிய கைப்பழக்கமே காரணம். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லி அவரை வற்புறுத்திய இடங்களைவிட, கணினியின் அமைப்புகளை அவருக்கேற்ப மாற்றிக் கொடுத்த இடங்களில்தான் முன்னேற்றம் விரைவாக இருந்தது.

வாங்கியது 15.6 அங்குலத் திரையும், 8 ஜிபி நினைவகமும், 512 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்ட நடுத்தர விலைக் கணினி; விண்டோஸ் 11 நிறுவப்பட்டு வந்தது. உறவினர் ஒருவர் விண்டோஸ் 10 உள்ள தம் பழைய மடிக்கணினியைத் தருவதாகச் சொன்னார். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால், ஓரளவு பழகியதும் எல்லாம் மாறும் நிலை பெரியவர்களுக்கு வேண்டாம் என்று புதியதையே வாங்கினோம். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன்.

தட்டச்சுப் பொறியில் விசையை ஓங்கி அடித்தால்தான் எழுத்து தாளில் பதியும். அதே அழுத்தத்தோடு அப்பா மடிக்கணினியில் அடித்தபோது, விரல் ஒரு நொடி கூடுதலாகத் தங்கினாலும் ‘க’ என்ற ஓரெழுத்து ‘கககக’ என்று ஓடிவிடும். விசைப்பலகை அமைப்பில் எழுத்து மீளும் வேகத்தைக் குறைத்து, மீளத் தொடங்குவதற்கான காத்திருப்பு நேரத்தை முழுவதுமாகக் கூட்டியதும் இந்தத் தொல்லை தீர்ந்தது. ஷிஃப்ட் விசையிலும் இப்படித்தான். அதை ஐந்து முறை தொடர்ந்து தட்டினாலோ, வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தாலோ விண்டோஸில் கை இயக்கச் சிரமம் உள்ளவர்களுக்கான அணுகல் வசதிகள் சில தொடங்கிவிடும். தமிழ்த் தட்டச்சில் ஷிஃப்டின் மீதே விரல் வைத்துப் பழகியவருக்கு இது அடிக்கடி நேர்ந்தது. பிறருக்குப் பயன்படும் அந்தக் குறுக்குவழிகளை அவருடைய கணக்கில் மட்டும் நிறுத்திவைத்தேன்.

இவற்றைவிட முக்கியமானது பேக்ஸ்பேஸ். தட்டச்சுப் பொறியில் அது உருளையை ஓரெழுத்து பின்னுக்கு நகர்த்தும், அவ்வளவுதான். அடித்த எழுத்து அப்படியே இருக்கும். மனுவில் ‘பொருள்’ என்று அடித்ததும், அதன் அடியில் கோடிடுவதற்காகப் பேக்ஸ்பேஸில் பின்னால் போய் அடிக்கோட்டு விசையைத் தட்டுவது அலுவலகத் தட்டச்சர்களின் நடைமுறை. அப்பா இங்கும் அதையே செய்தார், சொல்லே மறைந்துவிட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டரைத் தட்டியதால், பிறகு எழுத்தைப் பெரிதாக்கியபோது வரிகள் பாதிபாதியாக உடைந்து நின்றன. தலைப்பை நடுவில் வைக்க இடைவெளிகளை எண்ணி எண்ணி அடித்தார். தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் முறையாகக் கற்று, ஆயிரக்கணக்கான பக்கங்களில் சரியாகச் செய்த வேலை அது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இந்த இயந்திரத்தில் இப்படி’ என்று மட்டும் சொல்லி, கன்ட்ரோலோடு யு அழுத்தினால் அடிக்கோடு, கன்ட்ரோலோடு இசட் அழுத்தினால் போனது திரும்பிவரும் என்று காட்டினேன். இசட் அவருக்குப் பெரும் துணிவைத் தந்தது. எதை அழுத்தினாலும் மீட்டுவிடலாம் என்று தெரிந்த பிறகே, கேட்காமல் தாமாகச் சிலவற்றைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்.

தமிழில் எழுதுவதற்கு இருவருக்கும் வெவ்வேறு விசைப்பலகை வேண்டியிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பையே அப்பாவுக்கும் கற்பிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. பழைய தட்டச்சில் ‘கொ’ என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று விசைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வரும். தமிழ்99-இல் ககரத்தை அடுத்து ஒகரத்தைத் தட்ட வேண்டும். விரல்களுக்கு இது தலைகீழ். பழைய தட்டச்சு அமைப்பிலேயே ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுத உதவும் இகலப்பை போன்ற மென்பொருள் இருக்கும்போது அவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும்? அதை நிறுவிய அன்று மாலையே ஒரு முழுப் பக்கத்தை விசைகளைப் பாராமல் அடித்து முடித்தார்.

அம்மாவுக்குத் தமிழ்99-ஐத் தந்தேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்திருப்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு அது நேராக மனத்தில் பதிகிறது. ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மீண்டும் மகரம், ஆகாரம் ஆகிய நான்கு தட்டல்கள் போதும்; ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ‘ங’ அடுத்து ‘க’ வந்தாலும் அப்படியே. “நான் வைக்காமலே புள்ளி வருதேம்மா, அதுக்கே தெரியுதா?” என்று வியந்த அம்மா, அதன் பிறகு பாட்டியின் நோட்டிலிருந்த நலங்குப் பாட்டுகளையும் தாலாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார். விசைகளின் மேல் ஒட்டியிருந்த தமிழ் ஸ்டிக்கர்கள் சில மாதங்களில் ஓரம் கிளம்பி உதிர்ந்துவிட்டன. அதற்குள் அவருக்கு அவை தேவைப்படவில்லை.

சுட்டுவது மட்டும் இருவருக்குமே இன்றும் கடினம்தான். வறண்ட விரல்நுனியைத் தொடுபலகை பல நேரம் உணர்வதில்லை. தட்டச்சு செய்யும்போதோ மணிக்கட்டுப் பட்டு நிலைகாட்டி (கர்சர்) வேறு வரிக்குத் தாவிவிடுகிறது. கம்பியுள்ள மௌஸ் ஒன்றை வாங்கி, மௌஸ் இணைந்திருக்கும்போது தொடுபலகை அணைந்திருக்குமாறு அமைத்தோம். இரட்டைச் சொடுக்குக்குப் பதில் ஒற்றைச் சொடுக்கிலேயே கோப்புகள் திறக்குமாறு மாற்றியது, கை இலேசாக நடுங்கும் அம்மாவுக்கு நான் செய்த உதவிகளிலேயே பெரியது என்பேன்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருவரும் அணிவது பைஃபோகல். அதில் படிப்பதற்கான பகுதி கீழே இருப்பதால், திரையை உயரத்தில் வைத்தால் முகவாயை உயர்த்தியே பார்க்க நேர்ந்து அப்பாவுக்குக் கழுத்து வலித்தது. திரையைத் தாழ்த்தியது ஓரளவு உதவியது; கணினித் தொலைவுக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்கியதே முழுத் தீர்வானது. திரையில் எல்லாவற்றையும் 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, அம்மாவின் கணக்கில் எழுத்தளவை மட்டும் மேலும் கூட்டியிருக்கிறேன்.

அப்பா இப்போது தம் வருமான வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்கிறார். மூத்த குடிமக்களின் வைப்பு வட்டிக்குப் பழைய வரிமுறையில் 50,000 ரூபாய் வரை கழிவு தரும் 80டிடிபி பிரிவை வரிக்கு வரி படித்து, வங்கி தந்த வட்டிச் சான்றை, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போவார். இந்த நிதானத்தை இணையதளங்கள் மதிப்பதில்லை என்பதே என் குறை. படித்து முடிப்பதற்குள் ‘நேரம் முடிந்தது’ என்று வெளியே தள்ளிவிடுகின்றன. ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) பேசிக்கு வந்து, பேசியை எடுத்து, கண்ணாடியை மாற்றி, ஆறு இலக்கங்களையும் படித்து அடிப்பதற்குள் அது காலாவதியாகிறது. பேசியை விசைப்பலகையின் அருகிலேயே நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கி வாங்கியதோடு சிக்கல் குறைந்ததே தவிர, தீரவில்லை.

எல்லாவற்றுக்கும் மடிக்கணினி வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஓய்வூதியர்களின் மின்னணு வாழ்நாள் சான்றுக்காக 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில் இப்போது முகம்வழிச் சரிபார்ப்பும் இருப்பதால், அதற்குப் பேசியே வசதி. வயதானவர்களின் தேய்ந்த ரேகையோடு கைரேகைக் கருவியில் போராட வேண்டியதில்லை. படிப்பதற்கோ பெரிய திரையே சிறந்தது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களையும், தமிழ் மின்னூலகத்தில் உள்ள பழைய இதழ்களையும் அம்மா கன்ட்ரோலும் கூட்டல் விசையும் அழுத்திப் பெரிதாக்கி மணிக்கணக்கில் படிக்கிறார்.

பாதுகாப்பில் நான் கண்டிப்பாக இருந்தேன். இருவருக்கும் சாதாரணப் பயனர் கணக்குதான்; எதையும் நிறுவ என் கடவுச்சொல் வேண்டும். உலாவியில் தளங்கள் அறிவிப்பு அனுமதி கேட்பதையே அடைத்துவிட்டேன். ஒருநாள் திரை முழுவதும் சிவந்து, ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது’ என்ற எச்சரிக்கையும் ஒரு தொலைபேசி எண்ணும் அலறல் ஒலியோடு வந்தபோது, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தபடி அம்மா ஆற்றல் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்துவிட்டு என்னை அழைத்தார். அந்த எண்ணுக்குப் பேசவே இல்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் எதையும் நான் வைக்கவில்லை. யார் கேட்டாலும், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கணினியை இயக்கும் அனுமதியைத் தரக்கூடாது என்ற ஒரே விதி அவர்களுக்குக் குழப்பமில்லாமல் இருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை மேசைமேல் ஒட்டியிருக்கிறோம். கணினியின் சேமிப்பு வட்டு பூட்டிக்கொண்டால் அதைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு, ஓய்வூதியப் புத்தகத்தோடு பீரோவில் வைத்திருக்கிறோம்.

சொல்லிக்கொடுப்பதில் பேரப்பிள்ளைகள் சிறந்தவர்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அண்ணன் மகன் அன்போடுதான் வந்தான்; ஆனால் மௌஸைத் தன் கையில் வாங்கி நொடியில் முடித்துவிடுவான். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எதுவும் பதியவில்லை. மௌஸ் கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும் என்றும், படிகளை அவரே தம் கையெழுத்தில் நோட்டில் எழுத வேண்டும் என்றும் வைத்துக்கொண்ட பிறகு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது பெருமளவு குறைந்தது.

மின்கலத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியை இயக்கியிருப்பதால் அது இன்னும் தளரவில்லை. இலவச மேகச் சேமிப்பு நிறைந்துவிட்டதாக வந்துகொண்டிருந்த அறிவிப்புகள் இருவரையும் கலங்கவைத்ததால், அதை நிறுத்திவிட்டு அம்மாவின் பாட்டுக் கோப்புகளை இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்து வைக்கிறோம். இன்னொரு கணினி வாங்க நேர்ந்தால், வெள்ளி நிறப் பலகையில் சாம்பல் எழுத்து பொறித்த இதுபோன்ற விசைகளைத் தவிர்த்து, கறுப்பு விசையில் வெள்ளை எழுத்து உள்ளதையும், ஒளி எதிரொளிக்காத திரையையும், ஷிஃப்டும் என்டரும் முழு அளவில் இருக்கும் பலகையையும் கடையில் அப்பாவே அடித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவோம்.