டிஸ்கால்குலியா உள்ளவர் மேசைக்கு ஒரு கால்குலேட்டர்: கேசியோ எம்ஜே-120டி

டிஸ்கால்குலியா (எண்களைக் கையாள்வதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கும் பெரியவர்கள் எந்தக் கால்குலேட்டர் வாங்கலாம் என்று கேட்டால், "அதான் போன்ல இருக்கே" என்பார்கள். கூட்டல் கழித்தல் மட்டும்தான் தகராறு என்றால் போனே போதும். ஆனால் 5,830ஐப் பார்த்துக்கொண்டே விரல் 5,380 அடிக்கும். பத்தாவது எண்ணுக்கு வரும்போது ஒன்பதாவதை அடித்தோமா இல்லையா என்று நினைவிருக்காது. விடை வந்தாலும் அது நம்பும்படியான தொகைதானா என்று உறைக்காது. இப்படிப்பட்டவருக்கு, தான் அடித்ததை வரிசையாகத் திருப்பிக் காட்டுகிற கருவி வேண்டும்.

கடைக்காரர்கள் 'செக் கால்குலேட்டர்' என்று சொல்லி விற்பது அதைத்தான். கேசியோ எம்ஜே-120டி அந்த வகை. 12 இலக்கத் திரை, அடித்ததில் 150 படிகள்வரை நினைவில் நிற்கும், விலை ஆயிரம் ரூபாய்க்குள்.

மளிகை பில்லைக் கூட்டி முடித்ததும் 'செக்' என்ற அம்புப் பொத்தானைத் தட்டினால், அடித்த எண்கள் ஒவ்வொன்றாகக் குறியோடு வரும். பில்லில் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு வரி இறக்க வேண்டும். எண்ணை மொத்தமாகப் பார்த்தால் 5,830, 5,380 இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ஐந்து, எட்டு, மூன்று, பூஜ்யம்" என்று வாய்விட்டுப் படித்தால் இடம் மாறியது காதில் பட்டுவிடும். தப்பு கண்ட இடத்திலேயே 'கரெக்ட்' பொத்தான், சரியான எண், மறுபடி கரெக்ட். அம்பைக் கடைசிவரை கொண்டுபோனால் திருத்திய மொத்தம் நிற்கும். முதலிலிருந்து அடிக்க வேண்டாம். சரிபார்க்கும் முன்னால் கை தவறி எல்லாவற்றையும் அழிக்கும் 'ஏசி' பொத்தானில் பட்டால் அத்தனை படியும் போச்சு. தானாக ஓட்டிக் காட்டும் ஆட்டோ ரிவியூ வசதி இவர்களுக்கு உதவாது. ஒரு எண்ணைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பெரிய குழி வேறு இடத்தில் இருக்கிறது. 200 ரூபாய் வண்டி வாடகை, 45 ரூபாய் வீதம் 3 பொருள். இதை 200 + 3 × 45 என்று அப்படியே அடித்தால் 9,135 வரும். சரியான விடை 335. மேசைக் கால்குலேட்டர் பெருக்கலுக்கு முன்னுரிமை தராது. வந்த வரிசையில் 203ஐ எடுத்து 45ஆல் பெருக்கிவிடும். பெரும்பாலான போன்களில் இதே வரிசைக்கு 335தான் வரும். மற்றவர் 9,135ஐப் பார்த்ததுமே "இதென்ன கூத்து" என்பார். டிஸ்கால்குலியா உள்ளவருக்கு அந்த மணி அடிக்காது. செக் அம்பும் காப்பாற்றாது, ஏனென்றால் அடித்த எண்கள் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் பெருக்கல் கலந்தால், விடையைக் கருவியின் நினைவில் சேர்க்கும் எம்+ வழி ஒன்றையே பழக்கிக்கொள்வது நல்லது: 3 × 45 எம்+, 200 எம்+, பிறகு சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் எம்ஆர். தொடங்கும்போதே திரை ஓரத்தில் 'எம்' தெரிந்தால் பழைய கணக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் அதை அழிக்க வேண்டும்.

சதவீதமும் அப்படித்தான். 500 + 10 % அடித்தால் 550 வரும் என்று நம்ப வேண்டாம், மாடலுக்கு மாடல் விடை மாறும். 500 × 10 % என்றால் எதிலும் 50. அதைத் தாளில் எழுதிக்கொண்டு தனியாகக் கூட்டலாம். இரண்டு வேலையாகிறதே என்று சலிக்கலாம். ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு கணக்கு என்பதுதான் இதில் வசதி.

பணம் அனுப்பும் ஆப்களில் 1-2-3 மேல் வரிசை, கால்குலேட்டரில் 7-8-9 மேல் வரிசை. நாள் முழுக்க இரண்டிலும் மாறி மாறி அடிப்பவருக்கு 1ம் 7ம், 3ம் 9ம் குழம்பும். 5க்கு மேல் ஒரு சின்னப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி, விரல் அங்கிருந்தே கிளம்பும்படி பழகினால் குறையும். 00 பொத்தான் ஆபத்து: ஒருமுறை கூடுதலாகப் பட்டால் தொகை நூறு மடங்கு. அதன்மேல் தடித்த டேப் ஒட்டிவிடலாம்.

நேரம் கணக்கிடவோ, கையில் இருப்பது போதுமா என்று மதிப்பிடவோ இது உதவாது. அலுவலக மேசையில் வைத்துக்கொள்ளத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் டிஸ்கால்குலியா பெயரோடு இருக்கிறது, சட்டமே ஏற்றுக்கொண்ட குறைபாடு இது.

வாங்கும்போது கடையிலேயே 1234567 அடித்துப் பாருங்கள். 12,34,567 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழுந்தால் நல்லது. 1,234,567 என்று விழுந்தால் பெரிய தொகைகளைப் படிக்கையில் தடுமாற்றம்தான். மேலே தள்ளு பொத்தான்கள் உள்ள மாடலானால் 500 + 500 போடுங்கள். 10.00 வந்தால் பொத்தான் கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன் தானாகப் புள்ளி வைக்கும் நிலையில் இருக்கிறது. அதை, அப்படிப் புள்ளி வைக்காத 'எஃப்' நிலைக்குத் தள்ளி, செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.