நாள் தள்ளும்போது கைப்பேசிச் செயலி எவ்வளவு தூரம் உதவும்? 18 மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

மாதவிடாய் நாட்களைக் குறித்துவைக்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை 18 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பெல்லாம், பால் கணக்கும் சிலிண்டர் பதிவு செய்த தேதியும் எழுதும் மாதக் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பதோடு சரி. செயலியின் பெயரை இங்கே எழுதவில்லை. கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை நான் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்த வேறு இரண்டு செயலிகளிலும் இருந்தன.

தேதியைப் பதிவது எளிது. தமிழில் திரை வருகிறது, மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் புரியும்படி இருக்கிறது, பணம் கட்டாமலே எல்லாத் தேதிகளையும் ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். கட்டணப் பதிப்பில் கூடுதலாகக் கிடைப்பவை கட்டுரைகள்தான். அவற்றுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை.

குறை 'தாமதம்' என்ற சொல்லில் தொடங்குகிறது. என் சராசரி 31 நாள் என்று செயலி கணக்கிட்டிருந்த காலத்தில், 34ஆம் நாள் காலையில் பூட்டிய திரையின் மேலேயே '3 நாள் தாமதம்' என்று அறிவிப்பு வந்து நின்றது. வளர்ந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரையிலான இடைவெளி இயல்பானதுதான் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. அதன்படி அன்று எனக்கு நாள் தள்ளவே இல்லை. கருமுட்டை வெளிவந்த பிறகு மாதவிடாய் வருவதற்கு ஏறத்தாழ 2 வாரம் ஆகும், அந்தக் காலம் அதிகம் மாறுவதில்லை. மாறுவது அதற்கு முந்தைய பகுதி. காய்ச்சல், இரவுப் பயணம், தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களின் தூக்கமின்மை, திடீரென உடல் இளைப்பது ஆகியவற்றால் முட்டை முதிர்வது சில நாள் பிந்தினால் மாதவிடாயும் அத்தனை நாள் பிந்தும். செயலிக்கு இது எதுவும் தெரியாது; பழைய தேதிகளை வைத்துச் சராசரி எடுக்க மட்டுமே தெரியும். இதே சராசரியை நம்பி அது சில நாட்களுக்குப் பச்சை நிறம் பூசி 'பாதுகாப்பான நாட்கள்' என்று காட்டுவதைத்தான் மிகக் கடுமையாகக் கண்டிக்கிறேன். கருத்தடைக்கு இதை நம்பக் கூடாது.

நம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கையோடு இந்தச் செயலிக்கு அறிமுகம் இல்லை என்பதை மாத்திரை விஷயத்தில் உணர்ந்தேன். குலதெய்வக் கோயில் கொடை, புதுமனை புகுவிழா, திருமணம் என்றால் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது எத்தனை வீடுகளில் நடக்கிறது! நானும் அப்படி ஒருமுறை போட்டுக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தினால் 2 அல்லது 3 நாளில் உதிரப்போக்கு வந்துவிடும். அது மருந்தால் வந்தது, உடலின் சொந்தக் கணக்கு அல்ல. செயலியில் இதைத் தனியாகக் குறிக்க இடமே இல்லாததால், அந்த மாதத்தின் நீண்ட இடைவெளியும் சராசரியில் கலந்து, அடுத்த சில மாதக் கணிப்புகள் அனைத்தும் பிசகின. அந்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொண்டது என் தவறு. இரத்தம் உறையும் நோய் வந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகக்கூடும்.

உண்மையாகவே நாள் தள்ளியது கடந்த தை மாதத்தில். 47ஆம் நாள் திரையில் சிவப்பு எழுத்தில் '14 நாள் தாமதம்' என்று இருந்தது. கீழே, கர்ப்பமாகவோ மன அழுத்தமாகவோ இருக்கலாம் என்று ஒற்றை வரி. அந்த இடத்தில் அது சொல்லியிருக்க வேண்டியவை எத்தனையோ. மருந்துக்கடையில் கிடைக்கும் பரிசோதனை அட்டையில் காலையின் முதல் சிறுநீரைக் கொண்டு பார்க்க வேண்டும், இல்லை என்று காட்டியும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நாள் தள்ளிய நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை நுனியில் வலியோடு மயக்கம் வந்தாலோ, கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றாவது எச்சரித்திருக்க வேண்டும். ஓர் உயிரைக் காக்கக்கூடிய அந்த வரி எங்கும் இல்லை.

நான் அட்டையில் பார்த்த இரண்டு முறையும் ஒரே கோடுதான், அதாவது கர்ப்பம் இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் போனபோது, "கடைசியா எப்பம்மா வந்துச்சு?" என்று அவர் கேட்டதற்குச் செயலியின் கோப்பை நீட்டினேன். அவர் சராசரியைப் பார்க்கவில்லை. விரலால் தேதிகளை வரிசையாகத் தொட்டு எண்ணினார். 30, 33, 36, 39 என்று கடைசி மாதங்களில் இடைவெளி படிப்படியாக நீண்டுவந்ததை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார். எல்லாத் தகவலும் கையிலிருந்தும் சராசரிக்குள் அதைப் புதைத்துவிட்டிருந்தது செயலி. உடல் எடை கூடியது, மலச்சிக்கல், பகலிலும் விலகாத அசதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு சுரப்புக் குறைவு என்று முடிவு வந்தது. செயலி சொன்ன 'மன அழுத்தம்' என்ற காரணத்தை ஏற்று இன்னும் சில மாதங்கள் இருந்திருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு வருகிறேன். 6 வாரம் கழித்து மறுபரிசோதனை.

தொடர்ந்து 3 மாதம் வராமல் இருந்தாலோ, இடைவெளி அடிக்கடி 35 நாளைத் தாண்டினாலோ, முகத்தில் முடி வளர்வது, பால் கொடுக்காதபோதும் மார்பில் பால் கசிவது போன்றவை சேர்ந்து வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் தெரிந்துகொண்டேன். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாதாம்.

இதே செயலியை என் அக்காவும் தன் மகளுக்காக இறக்கியிருந்தாள். அவளுக்கு 13 வயது, பூப்பெய்தி ஓர் ஆண்டுதான் ஆகிறது. வயதைச் சரியாகக் கொடுத்திருந்தும் 43 நாள் இடைவெளிக்கு 'ஒழுங்கற்ற சுழற்சி' என்று திரை காட்ட, அக்கா பதறிப்போய் இரவு 10 மணிக்கு எனக்கு அழைத்தாள். முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை போவது இயல்புதான் என்று சொல்லி, செயலியை நீக்கிவிட்டுத் தேதிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னேன். எப்போதாவது ஓர் இடைவெளி 90 நாளைத் தாண்டினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நானே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.