அடைவுப் பகுப்பாய்வு: எந்தக் கணக்குக்கு எந்தக் கருவி?

ஒரு சதுரத்தை 45 பாகை சுழற்றி, அது முழுவதும் அடங்கும்படி அச்சுகளுக்கு இணையான புதிய சதுரம் ஒன்றை வரைந்தால், பக்க அளவு ஏறத்தாழ 1.41 மடங்காகிறது. இதையே எட்டு முறை செய்து ஒரு முழுச் சுற்றை முடிக்கும்போது, உண்மையில் சிறிதும் வளராத சதுரம் கணக்கில் 16 மடங்குப் பக்கத்தோடு நிற்கிறது. ஓர் இயங்கு அமைப்பு தன் தொடக்க நிலைகளிலிருந்து எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை ஒன்றும் விடுபடாமல் சூழ்ந்து காட்டுவதே அடைவுப் பகுப்பாய்வு என்பதால், இந்த வீண் பெருக்கத்தை ஒரு மென்பொருள் எப்படி அடக்குகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வேகம் அதற்குப் பிறகுதான்.

2011இல் அறிமுகமான ஸ்பேஸ்எக்ஸ் என்ற மென்பொருள் (ராக்கெட் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை), அமைப்பு அடையக்கூடிய நிலைகளின் தொகுப்பான கணத்தின் முழு வடிவத்தையும் சுமந்து செல்வதில்லை. நாம் கேட்கும் திசைகளில் அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை மட்டும் சப்போர்ட் ஃபங்ஷன் வழியாகக் கணிக்கிறது. 270 நிலை மாறிகள் கொண்ட பன்னாட்டு விண்வெளி நிலைய மாதிரிக்குப் பெட்டித் திசைகள் (ஒவ்வொரு மாறிக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு) 540 போதும்; மாறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்த மூலைவிட்டத் திசைகளும் அடங்கிய எண்கோணத் திசைகளைக் கேட்டால் எண்ணிக்கை 1,45,800 ஆகிவிடும். ஆகவே, பெரிய நேரியல் அமைப்பில் எதைச் சோதிக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு இது பொருந்தும். நேரியலற்ற சமன்பாடுகளோடு இதனிடம் வருவதில் பயனில்லை.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த கோரா என்ற மென்பொருள், ஒரு மையமும் சில திசையன்களும் சேர்ந்த சோனோடோப் வடிவத்தை நம்புகிறது. சுழற்சி என்பது இங்கே அத்திசையன்களை அணியால் பெருக்குவதுதான் என்பதால், மேலே கண்ட 16 மடங்கு வீக்கம் எழவே எழாது. ஆனால் வெளி உள்ளீடு ஒவ்வொரு அடியிலும் புதிய திசையன்களைச் சேர்ப்பதால் அவற்றை அவ்வப்போது குறைக்க வேண்டியிருக்கிறது. கலப்பு அமைப்பு (தொடர் இயக்கத்தோடு இடையிடையே திடீர்த் தாவலும் கொண்டது) ஒரு இயக்க முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எல்லைத் தளத்தோடு சோனோடோப்பை வெட்டினால் கிடைப்பது பொதுவாகச் சோனோடோப் ஆவதில்லை, இறுக்கம் அங்கேதான் நழுவுகிறது. கோரா இலவசம் என்றாலும் அது ஓடும் மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளுக்கு உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவை விரும்பாதவர்களுக்கு ஜூலியா நிரல்மொழியில் எழுதப்பட்ட ஜூலியாரீச் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் ஜூலியா மொழி தொகுப்புக்கு எடுக்கும் நேரத்தைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

நேரியலற்ற அமைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டான வான் டெர் போல் அலையியற்றியில் தொடக்கக் கணம் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். உட்குழிவே இல்லாத குவிந்த வடிவங்கள் அந்த வளைவின் உட்புறத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. பல்லுறுப்புக்கோவையோடு ஒரு மிச்ச இடைவெளியை (விடுபட்ட பிழைக்கான கீழ், மேல் எல்லைகளை) சேர்த்த டெய்லர் மாடல்களைக் கொண்ட ஃப்ளோ-ஸ்டார் என்ற மென்பொருள் அந்த வளைவை ஒட்டியே செல்லும். கோராவின் பல்லுறுப்புச் சோனோடோப்பும் இதைச் செய்யும் என்றாலும், சிறிய நேரியலற்ற கணக்குக்கு நான் ஃப்ளோ-ஸ்டாரையே எடுப்பேன். சிறிய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: 4ஆம் படிவரை எழுதினால் 2 மாறிகளுக்கு 15 உறுப்புகள், 7 மாறிகளுக்கு 330. தொடக்கக் கணம் அகன்றிருந்தால் மிச்ச இடைவெளி கட்டுமீறும். அப்போது கணத்தைத் துண்டாக்கித் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

இன்னொரு வேறுபாடு பலர் கண்ணில் படுவதில்லை. கணினி எண்களை முழுமையாக்குவதால் வரும் சிறு பிழையையும் ஃப்ளோ-ஸ்டார் இடைவெளி எண்கணிதத்தால் (ஒவ்வொரு எண்ணையும் கீழ், மேல் எல்லைகளாக வைத்துக் கணிப்பதால்) உள்ளடக்கிக் கொள்கிறது. கோரா அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வடிவமைப்பின்போது ஓட்டிப் பார்க்கும் சோதனைகளில் இது பொருட்டாகாது; கணித நிரூபணம் என்று கையெழுத்திட வேண்டிய இடத்தில் பொருட்டாகும்.