18ஆம் நூற்றாண்டு ஸ்டேஸுக்குள் எதைச் செருகலாம்: செயற்கைத் திமிங்கில எலும்பா, ஸ்டீலா, கேபிள் டையா?

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்கள் கவுனுக்கு உள்ளே அணிந்த, மேலுடலை விறைப்பாக நிறுத்தும் உள்ளாடையான ஸ்டேஸைத் தைக்க நினைப்பவர்கள் லினன் வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியது, உள்ளே செருகும் ‘எலும்பை’, அதாவது விறைப்புத் தரும் பட்டையை. அந்தக் காலத்தில் போட்டது பலீன், அதாவது திமிங்கிலத்தின் மேல்தாடையில் தொங்கும் கெரட்டின் தகடு. இன்று நமக்கு முக்கியமாக இருப்பவை மூன்று: ஜெர்மனியில் தயாராகும் செயற்கைத் திமிங்கில எலும்பு (பிளாஸ்டிக் பட்டை), தட்டையான ஸ்டீல் பட்டை, ஹார்டுவேர் கடையில் வயர்களைக் கட்ட விற்கும் கேபிள் டை. என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

விலையில் கேபிள் டை மலிவு, செயற்கை எலும்பு அதிகம். அதில் பேச ஒன்றுமில்லை.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்புச் சுற்றளவு 75 செ.மீ., முதுகில் நாடா கட்ட 5 செ.மீ. இடைவெளி என்றால் துணி 70 செ.மீ. நெருக்கமாக எலும்பு வைக்கும் ஸ்டேஸில் 7 மி.மீ.க்கு ஒரு குழல் (எலும்பு செருகத் தைக்கும் நீண்ட பை) வீதம் 100 குழல். சராசரியாக 22 செ.மீ. நீளம் என்றால் மொத்தம் 22 மீட்டர். 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமனுள்ள செயற்கை எலும்பில் இது கால் கிலோவைத் தாண்டாது. 6 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமனுள்ள ஸ்டீலுக்குக் குழலை 8 மி.மீ. ஆக்க வேண்டும். நீளம் 19 மீட்டராகக் குறைந்தும் எடை 900 கிராமை எட்டும். அந்தக் கால ஸ்டேஸின் மெல்லிய வரிவரியான அழகும் போய்விடும்.

ஆனாலும் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். ஸ்டேஸில் மிகக் கடினமான வேலை, இடுப்புக்குக் கீழே விரியும் நாக்கு போன்ற துணித்துண்டுகளைச் சுற்றி பைண்டிங், அதாவது ஓரப்பட்டி தைப்பது. ஒவ்வொரு நாக்கின் இடுக்கிலும் பட்டியை ஊசிமுனையால் மடித்து மடித்துக் கையால் தைக்க வேண்டும். உள்ளே ஓர் எலும்பு கெட்டாலும் அந்தத் தையலைப் பிரித்தாக வேண்டும். ஆகவே, பிரிக்கும் அவசியத்தையே வைக்காத எலும்புதான் நல்ல எலும்பு.

ஸ்டீலுக்குப் பூச்சு இருந்தாலும் வெட்டிய முனை திறந்துதான் இருக்கும். உள்ளே லினன் ஷிஃப்ட் (உடம்பை ஒட்டி அணியும் தளர்வான உள்ளங்கி) போட்டாலும் வியர்வை ஊடுருவும். கடலோர ஊர்க் காற்றும் சேர்ந்தால் முனையில் துரு பிடிக்கும். லினனில் ஏறிய துருக்கறை சாதாரணச் சலவைக்குப் போகாது. கேபிள் டை துருப்பிடிக்காது, ஆனால் உட்கார்ந்து எழும்போது இடுப்பு மடிப்பில் நைலான் ஒரே இடத்தில் முறிந்து வளைகிறது. அந்த மடிப்பு நிமிராது. கவுனுக்கு மேலும் தெரியும். அதன் பல்வரிசைப் பக்கம் துணியையும் உரசும்.

செயற்கை எலும்பு உடல் சூட்டில் மெல்ல இளகி, அணிபவரின் வளைவுக்குப் படிகிறது. பலீனும் அப்படித்தான். கசங்கினால் பருத்தித் துணி போர்த்தி மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு நிமிர்த்தலாம். சூடு கூடினால் உருகிவிடும். வெதுவெதுப்பான நீரில் கையால் அலசி, பிழியாமல் தட்டையாகப் போட்டு உலர்த்தினால் போதும்.

சுருளாக வருவதால் முதலில் இஸ்திரியால் நேராக்குங்கள். கத்தரிக்கோலே வெட்டும். குழலைவிட 1 செ.மீ. குறைத்து வெட்டி, மூலைகளை நெயில் ஃபைலால் உருட்டுங்கள். இதை விட்டால் சில முறை அணிவதற்குள் பைண்டிங்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். 5 மி.மீ. எலும்புக்குத் தையலிலிருந்து தையல் வரை 7 மி.மீ. வேண்டும், 6 என்றால் நுழையாது, 8 என்றால் உள்ளே புரளும். எல்லா எலும்பும் ஏறியதும் துணி அகலத்தில் கொஞ்சம் சுருங்கும். காடாத்துணியில் முன்னோட்டமாகத் தைத்துப் பார்த்த மாதிரியில் சரியாக இருந்த அளவு இறுகுவது அதனால்தான். முதுகு இடைவெளியை அதற்கும் சேர்த்து விடுங்கள்.

1860களுக்குப் பிந்தைய கோர்செட் என்றால் என் பேச்சு செல்லாது. இடுப்பை இறுக்கும் அந்த இழுவிசைக்கு நான் ஸ்டீலைத்தான் தேர்ந்தெடுப்பேன்; வளைந்த தையல்களில் சுருள் ஸ்டீல், முன்பக்கம் திறந்து மூடும் ஸ்டீல் பட்டையான பஸ்க். ஸ்டேஸுக்குப் பிரம்பும் ஒரு வழிதான். உலர்ந்தால் முறியும் என்பது தெரியும். அடிக்கடி அணியும் ஸ்டேஸில் பல வருடம் தாங்குமா என்பதில் நான் உறுதி தரமாட்டேன்.

காசு இடித்தால் முன் நடுவிலும் இடுப்பு மடிப்பிலும் வரும் குழல்களுக்குச் செயற்கை எலும்பு வாங்குங்கள். வளைவு குறைந்த முதுகுப் பகுதிக்கு 4.8 மி.மீ. கேபிள் டை, தலையை வெட்டி, பல்வரிசை வெளிப்பக்கம் இருக்கும்படி.